கூழாங்கல் பண்ணைவீடு: வடக்குச் சுவரில் சிமென்ட் பாயிண்டிங், எடுப்பதா விடுவதா?

ஏரிக்கரை எழுதியது:

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கம், ஒன்டாரியோ ஏரிக்குத் தெற்கே, வேய்ன் கவுண்டி. இரண்டு தளப் பண்ணைவீடு. ஜன்னல் பக்கவாட்டில் அளந்தால் சுவர்க் கனம் 19 அங்குலம். முகப்பில் ஏறக்குறைய ஒரே அளவுக் கூழாங்கற்கள், ஓர் அடி உயரத்துக்கு நாலு வரி. வரிகளுக்கு நடுவே முன்தள்ளிய முக்கோணக் கோடு ஒன்று சுவர் முழுக்க நேராக ஓடுகிறது. மூலைகளில் செதுக்கிய சுண்ணக்கல்.

வடக்குச் சுவரின் கீழ் 4 அடியை எப்போதோ சாம்பல் நிறச் சிமென்ட் கலவையால் பாயிண்டிங் (கற்களுக்கு நடுவே உள்ள சந்தை வெளியிலிருந்து அடைப்பது) செய்திருக்கிறார்கள். மேலே உள்ளது மஞ்சள் கலந்த பழைய சுண்ணாம்புக் கலவை, திடமாகவே இருக்கிறது. கீழ்ப்பகுதியில் சிமென்ட் கெட்டியாக நிற்கிறது, கற்கள்தான் போகின்றன. சிவப்பு மணற்கற்கள் தோல் உரிவதுபோல் உரிகின்றன. சில கற்களைச் சுற்றி மயிரிழை இடைவெளி. அதே உயரத்தில் உள்பூச்சு ஈரம். வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில் மூன்றடிச் சதுரத்தில் ஒன்றரை அங்குலம் சுவர் வயிறு தள்ளியிருக்கிறது.

கான்ட்ராக்டர் சொல்வது: எல்லாச் சந்தையும் கிரைண்டரால் வெட்டிவிட்டு மூட்டையில் வரும் சிமென்ட் கலவை அடைத்து, மேலே நீர்த்தடுப்புத் திரவம் அடிக்கலாம். இது சரியா?

---

காரைச்சட்டி எழுதியது:

மூன்றும் தப்பு. கிரைண்டரை அந்தச் சுவர் பக்கம் விடாதீங்க.

செங்கல் சுவரில் சந்து நேராக ஓடும், பிளேடு ஓட இடம் இருக்கும். உருண்டைக் கல் சுவரில் சந்து எங்கேயும் நேராக இல்லை. வரிக்கு நடுவே தெரிகிற அந்த நேர்க்கோடு மேலே வைத்த அலங்காரம். அதற்குப் பின்னால் கல்லின் வளைவைத் தழுவித்தான் கலவை உட்கார்ந்திருக்கிறது. நேராகப் பிளேடு ஓட்டினால் ஒவ்வொரு கல்லின் தலையிலும் அடியிலும் ஒரு வெட்டுக்காயம். அது ஆறாது.

கல் உரிவதற்குக் காரணம் கல்லில் இல்லை. மழை, தரை ஈரம், உள்ளே சமையல், குளியல் ஆவி எல்லாம் சுவருக்குள் போகும். எந்த வழியாகவாவது வெளியே வந்தாக வேண்டும். சுண்ணாம்புக் கலவை இருந்தால் சந்து வழியாக வெளியேறும். சந்தைச் சிமென்ட் அடைத்துவிட்டால், ஈரம் உறிஞ்சும் மணற்கல் வழியாக வரும். குளிர்காலத்தில் அங்கேயே உறைந்து விரியும், உப்பும் அங்கேயே படியும். அதனால்தான் மணற்கல் உரிகிறது, பக்கத்திலுள்ள கிரானைட்டும் குவார்ட்சைட்டும் சும்மா இருக்கின்றன. சுற்றிலும் மயிரிழை விழுவது சிமென்ட் காய்ந்து சுருங்கிய அடையாளம். அந்த இழை வழியாக மழை உள்ளே போகும், திரும்பி வர வழி இல்லை.

சாந்து கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். தேய வேண்டியது சாந்து. 40, 50 வருஷத்துக்கு ஒருமுறை சாந்தை மாற்றலாம், கல்லை எங்கே போய் மாற்றுவீர்கள்?

ஆனால் கலவையைத் தொடுமுன் தண்ணீரைப் பாருங்க. கூரைப் பீலி உடைந்திருக்கிறதா, வடிகுழாய் நீர் சுவரடியில் கொட்டுகிறதா, மண் மட்டம் அடிக்கல்லுக்கு மேல் ஏறியிருக்கிறதா, பூச்செடிப் பாத்தி ஒட்டி இருக்கிறதா. தரை சுவரிலிருந்து விலகிச் சரிய வேண்டும்: முதல் 10 அடிக்கு 6 அங்குலச் சரிவு. இதைச் செய்யாமல் பாயிண்டிங் செய்தால் அடுத்த வசந்தத்திலேயே அதே உயரத்தில் அதே ஈரம்.

---

பனிப்பாறை எழுதியது:

வேலைக்குப் போகுமுன் இது என்ன சுவர் என்று ஒரு வார்த்தை. இழையை வாசிக்கும் சிலர் தெருவில் பாவுகிற கல்லை நினைத்துக்கொள்வார்கள். அது செதுக்கிய சதுரக் கல். இது செதுக்காத ஆற்றுக்கல், ஏரிக்கல். ஒரு கையால் தூக்கக்கூடிய அளவு. புவியியலார் கணக்கில் 64 முதல் 256 மி.மீ. வரை உள்ளதுதான் இந்த வகை. முகப்புக்கு அதில் சிறியவற்றை, பல இடங்களில் அதைவிடவும் சிறியவற்றை எடுத்திருக்கிறார்கள்.

கல் வந்த வழி பனிப்பாறை. கனடாவின் பழம்பாறைகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து இந்த நிலத்தில் கொட்டிவிட்டு உருகிப்போனது. காடு வெட்டி உழுதவனுக்கு ஒவ்வொரு ஏருக்கும் கல். எருது இழுக்கும் தட்டையான மரச் சறுக்குவண்டியில் ஏற்றி வயலோரம் குவித்தார்கள். 1825இல் ஈரி கால்வாய் முடிந்ததும் கோதுமை வெளியே போய்க் காசு உள்ளே வந்தது. மரக்குடிசையை விட்டுவிட்டு நிரந்தர வீடு கட்ட நினைத்தபோது கல் ஏற்கெனவே வாசலில் கிடந்தது.

இந்த வேலை 1825இல் தொடங்கி 1860 வாக்கில், உள்நாட்டுப் போர் வரும்போது அநேகமாக நின்றுபோனது. வட அமெரிக்காவில் உள்ளவற்றில் 10க்கு 9 ராச்செஸ்டர் நகரைச் சுற்றி 75 மைலுக்குள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பார்க்க வேண்டுமென்றால் ஆர்லியன்ஸ் கவுண்டியில் சைல்ட்ஸ் என்ற சிற்றூர்: 1834இல் கட்டிய தேவாலயம், பக்கத்தில் ஒரு வீடு, சற்றுத் தள்ளி 1849இன் பள்ளிக்கூடம், மூன்றும் கூழாங்கல். 1960இல் தொடங்கிய கூழாங்கல் சங்கம் இவற்றை அருங்காட்சியகமாக நடத்துகிறது. 1993இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஏரிக்கரை சொல்லும் சுவருக்கு வருகிறேன். 1835க்கு முந்தியது என்றால் வயலில் பொறுக்கிய, அளவு ஒத்துவராத கற்களாக இருக்கும். அளவு பிரித்த, ஏரி அலை உருட்டிய கல் என்றால் 1835க்குப் பின். இன்னும் சின்னஞ்சிறு கற்கள், ஒரே நிறம், மீன்முள் சாய்வில் அடுக்கியது என்றால் 1845க்குப் பின். அடிக்கு நாலு வரி, நேரான முக்கோணக் கோடு: நடுக்காலம் என்று நினைக்கிறேன்.

---

ஏரிக்கரை எழுதியது:

கற்கள் வழவழப்புதான், வயல் கல் மாதிரி முனை இல்லை. கால்வாய் வேலை முடிந்து சும்மா இருந்த கொத்தனார்கள் கட்டியவை இந்த வீடுகள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியா?

---

பனிப்பாறை எழுதியது:

பாதி உண்மை. கால்வாய் 1825இல் முடிந்தது, கூழாங்கல் வேலை உச்சத்தில் இருந்தது 1835க்கும் 1845க்கும் நடுவே. பத்து வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தார்களா? அதோடு 1836இல் கால்வாயை அகலப்படுத்தும் வேலை தொடங்கிவிட்டது, அங்கேயே ஆள் தேவை. கால்வாய் மடைகள் செதுக்கிய பெருங்கல் வேலை, கை வேறு. கொத்தனார்கள் இந்தப் பகுதிக்கு வந்து தங்க கால்வாய் காரணம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம்.

---

தூக்குக்குண்டு எழுதியது:

கட்டுமானப் பொறியியல் பக்கம். அந்த வயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் முதல் கவலை.

இந்தச் சுவர் இரண்டு விதமாகக் கட்டப்பட்டிருக்கலாம். பழைய முறையில் உள்ளே ஒழுங்கற்ற கல்லும் சாந்தும், வெளியே கூழாங்கல், இரண்டும் சேர்ந்தே வரி வரியாக ஏறும். முகக்கல்லின் நீளப் பக்கம் சுவருக்குள் போகும். வெளியே தெரிவது நெற்றி மட்டும், வால் உள்ளே பிடித்துக்கொள்ளும். காலம் போகப்போகக் கற்கள் சிறுத்தன, வால் குட்டையானது. கடைசிக் காலச் சுவர்களில் முகப்பு கிட்டத்தட்ட ஓர் ஒட்டுத்தோல். வயிறு தள்ளுவது பெரும்பாலும் இந்தத் தோல் பின்சுவரை விட்டுப் பிரிவதால்.

பார்க்கும் முறை: மரச் சுத்தியலின் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டுங்கள். கணீர் என்றால் பிடிப்பு இருக்கிறது, பொத்தென்றால் பின்னால் வெற்றிடம். பொத்தென்றவற்றில் சுண்ணக்கட்டியால் குறி போட்டால் பிரிந்த பரப்பின் உருவம் தெரிந்துவிடும். அதன் நடுவே சந்தில் (கல்லில் வேண்டாம்) 10 மி.மீ. துளை போட்டுக் குழாய்க் கேமரா விட்டுப் பாருங்கள். தூக்குக்குண்டு கட்டி, ஓர் அடிக்கு ஓர் அளவு எழுதி வையுங்கள். விரிசல் இருந்தால் இரு பக்கமும் குறியிட்டு ஒரு முழு வருஷம் அளக்க வேண்டும். கோடையும் குளிரும் ஒரு சுற்றுப் போகாமல், அசைவு நின்றுவிட்டதா தொடர்கிறதா என்று சொல்ல முடியாது.

அசைவு நின்று, பின்னால் வெற்றிடம் மட்டும் என்றால் சுண்ணாம்புக் கூழ் ஊற்றி நிரப்பலாம். முதலில் தண்ணீர் விட்டுத் தூசு கழுவ வேண்டும். கீழ்த்துளையிலிருந்து மேலே, புனல் வைத்து, கூழின் சொந்தப் பாரத்திலேயே. பம்ப் வைத்து அழுத்தினால் தோல் மொத்தமாகத் தள்ளிக்கொண்டு விழும். ஒரு நாளில் ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். அசைவு தொடர்கிறது என்றால் அந்தப் பகுதியைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். முன்னால் நேராக நின்று படம் எடுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் வரி எண், இட எண் ஒட்டி, தரையில் அதே வரிசையில் மணல்மேல் அடுக்கி வைத்துவிட்டுப் பிரியுங்கள்.

மூலைக்குப் பக்கத்தில் என்பதால் இன்னொன்று: மூலைக்கல்லும் கூழாங்கல் வரியும் சேரும் இடம் இந்தச் சுவர்களில் எப்போதும் பலவீனம். செதுக்கிய கல் மட்டமான படுக்கையில் உட்காரும், உருண்டைக் கல் சாந்தில் மிதக்கும். இரண்டும் ஒரே அளவு அமுங்காது. அங்கே மேலிருந்து கீழ் விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

---

கிளிஞ்சல் எழுதியது:

நம்ம ஊரில் சுண்ணாம்புக் காரைக்குக் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்ப்பார்களே. பழைய அரண்மனை, சத்திரம் எல்லாம் அப்படித்தான் நிற்குது. அங்கேயும் அதையே சேர்த்தால் என்ன?

---

காரைச்சட்டி எழுதியது:

நம்ம ஊர்க் கட்டடத்துக்குச் சேர்க்கலாம், அங்கே முதல் கலவையிலேயே அது இருந்தது. பழுதுபார்க்கும்போது ஒரே விதி: என்ன இருந்ததோ அதற்கு ஒத்ததைப் போடு. அந்தப் பண்ணைவீட்டுக் கலவை சுண்ணாம்பும் மணலும், அவ்வளவுதான். ஈரமும் உறைபனியும் சேரும் சுவரில் சர்க்கரைப் பொருளைக் கொண்டுபோய் வைத்துப் பரிசோதனை செய்ய வேண்டாம் தம்பி.

நம்ம ஊர்க் கொத்தனாரிடமிருந்து அங்கே கொண்டுபோக வேண்டியது நீற்றும் பழக்கம். சுட்ட சுண்ணக்கல்லைத் தண்ணீரில் நீற்றி, சல்லடையில் வடித்து, விழுதாகத் தொட்டியில் மேலே ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மாதக்கணக்கில் மூடி வைப்பது. நாளாக நாளாக விழுது வெண்ணெய் மாதிரி ஆகும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது.

---

கிராண்ட் ஆற்றங்கரை எழுதியது:

ஒன்டாரியோவிலையிருந்து எழுதுறன். எங்கடை பக்கம் பாரிஸ் எண்ட சின்ன ரவுணிலை இதே மாதிரிக் கூழாங்கல் வீடுகளும் கோயிலும் இருக்கு. 1838 அளவிலை நியூயார்க் பக்கமிருந்து வந்த லெவி பௌட்டன் எண்ட மேசன் கொண்டுவந்த வேலை. காலநிலையும் ஒண்டுதான், அதாலை சொல்லுறன்.

விழுது மட்டும் போட்ட கலவை எண்டால் ஆவணி முடியமுதல் வேலையை நிப்பாட்டிப்போடுங்கோ. சுண்ணாம்பு காத்திலை இருக்கிற கரியமிலவாயுவை எடுத்துத்தான் திரும்பக் கல்லாகும், அதுக்கு மாசக்கணக்கு வேணும். உள்ளுக்குப் பச்சையாய் இருக்கேக்கை உறைபனி விழுந்தால் அடுத்த சித்திரையிலை கையாலை தட்ட மாவாய்க் கொட்டும். 5 பாகைக்குக் கீழை போற இரவு வருமெண்டால் கலவையைக் குழைக்கவே வேண்டாம்.

அதாலைதான் எங்கடை மேசன்மார் கனபேர் என்.எச்.எல் 3.5 எண்ட, தண்ணியிலை இறுகிற இயற்கைச் சுண்ணாம்பு பாவிக்கினம். களிமண் கலந்த சுண்ணக்கல்லைச் சுட்டது, தண்ணியோடை கொஞ்சம் தானாவே இறுகும். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு மணல். என்.எச்.எல் 5 வேண்டாம், அது வருசம் போகப்போகச் சீமெந்துக்குக் கிட்டப் போயிடும்.

---

தூக்குக்குண்டு எழுதியது:

1:2:9 என்னாச்சு? ஒரு பங்கு வெள்ளைச் சிமென்ட், 2 சுண்ணாம்பு, 9 மணல். அமெரிக்கத் தர அட்டவணையில் டைப் ஓ. பல மீட்பு வேலைகளில் ஏற்றுக்கொள்கிறார்கள், அங்கே உள்ள கொத்தனாருக்கும் கை பழகியது. உறைபனிக்குள் இறுகிவிடும்.

---

காரைச்சட்டி எழுதியது:

கடினமான செங்கல்லுக்குச் சரி. உரியும் மணற்கல் இருக்கிற சுவருக்கு நான் போட மாட்டேன். சிமென்டைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்றும் சிலர் சொல்வார்கள், 1:3:12 அப்படி. அதில் சிமென்ட் தன் பலத்தையும் தராது, சுண்ணாம்பை அதன் போக்கில் இறுகவும் விடாது. இரண்டும் கெட்டான். தேர்வு விழுதுக்கும் என்.எச்.எல்லுக்கும் நடுவேதான். தரைக்குப் பக்கத்தில் உள்ள ஈரப் பகுதி, வடக்குப் பார்த்த சுவர் என்றால் கிராண்ட் ஆற்றங்கரை சொன்ன 3.5. கல் ரொம்ப மெலிந்துவிட்ட இடத்தில் என்.எச்.எல் 2.

ஆனால் முதலில் பழைய கலவையைப் பாருங்க. மேல்பகுதியில், மழை படாத இறவாரத்துக்குக் கீழே, ரெண்டு மூணு இடத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பெயர்த்து எடுங்க. மேல்தோல் வேண்டாம், உள்ளே இருந்து.

---

ஏரிக்கரை எழுதியது:

எடுத்துப் பார்த்தேன். விரல் நகத்தால் சுரண்ட முடிகிறது. வெள்ளைப் பொட்டுகள் ஆங்காங்கே. நீர்த்த அமிலத்தில் போட்டதும் பொங்கியது. வடிகட்டி மிஞ்சிய மணலை எடை போட்டால் பாதிக்கும் கொஞ்சம் மேல்தான். அப்படியானால் ஒன்றுக்கு ஒன்று சுண்ணாம்பு போட்டிருக்கிறார்களா?

---

பனிப்பாறை எழுதியது:

அந்தக் கணக்கை நம்பாதீர்கள். அந்த வட்டாரத்து மணலிலேயே சுண்ணக்கல் பொடியும் டோலமைட் பொடியும் இருக்கும். நயாகரா மேட்டின் தலைப்பாறையே லாக்போர்ட் டோலமைட். அமிலத்தில் சுண்ணாம்போடு அந்த மணலும் கரைந்துபோய், சுண்ணாம்பு அதிகம் என்று காட்டும். மிஞ்சிய மணலின் நிறமும் பருமனும் உங்களுக்குப் பயன்படும், விகிதம் பயன்படாது. சரியான விகிதம் வேண்டுமானால் மெல்லிய சீவல் செய்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்கத் தரத்தில் சி1324 என்ற முறை.

நுண்ணோக்கி இன்னொன்றும் சொல்லும். கால்வாய் வேலை நடக்கும்போதே, 1818இல், சிட்டெனாங்கோ பக்கத்தில் தண்ணீரில் இறுகும் இயற்கைச் சிமென்ட் கல் கிடைத்துவிட்டது. கேன்வாஸ் ஒயிட் என்ற பொறியாளர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆகவே 1840இன் வெளிச்சந்தில் அது கொஞ்சம் கலந்திருக்க இடமுண்டு. போர்ட்லண்ட் சிமென்ட் மட்டும் இருக்கவே முடியாது. அமெரிக்காவில் அதன் தயாரிப்பு 1870களில் தொடங்கியது.

---

காரைச்சட்டி எழுதியது:

நகத்தால் சுரண்ட முடிகிறது, வெள்ளைப் பொட்டு இருக்கிறது: சுண்ணாம்புக் கலவையின் முகம் அது. பொட்டு என்பது முழுக்க நீறாத சுண்ணாம்புக் கட்டி. சுட்ட கல்லை மணலோடு சேர்த்தே நீற்றிச் சூட்டோடு குழைத்தால் அப்படி நிற்கும்.

---

தூக்குக்குண்டு எழுதியது:

சரி, 3.5க்கே கணக்குப் போடுகிறேன். செங்கல் கணக்கை இங்கே போட்டால் கலவை பாதியில் தீர்ந்துவிடும்.

அடிக்கு நாலு வரி என்றால் ஒரு வரி 76 மி.மீ. அதில் கல் சுமார் 60 உயரம், 80 அகலம், சுற்றிலும் 16 சந்து என்று வைத்துக்கொள்வோம். உருண்டைக் கல் நாலு மூலையையும் காலி விடும், ஆக முகப்பில் பாதி கல், பாதி சாந்து. செங்கல் சுவரில் சாந்து ஐந்தில் ஒரு பங்குகூட வராது. 50 மி.மீ. ஆழம் எடுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். முன்தள்ளிய கோட்டுக்கு இரண்டரை, சேதாரம் 15 சதவீதம். ஏறக்குறைய 32 லிட்டர்.

சுவர் நீளம் 10 மீட்டர் என்றால் 4 அடி உயரத்துக்கு 12 சதுர மீட்டர், 380 லிட்டர் கலவை. சுண்ணாம்பு மணலின் இடைவெளிக்குள் போய்விடும் என்பதால் மணலும் 380 லிட்டரே. என்.எச்.எல் 150 லிட்டர், எடையில் 100 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை 4. மணலைக் காய்ந்ததாக அளக்கவும். ஈரமணல் கால் பங்கு வரை உப்பும். அதே பெட்டியில் அளந்தால் சுண்ணாம்பு கூடிப்போய்க் கலவை காயும்போது வெடிக்கும்.

---

ஏரிக்கரை எழுதியது:

மணல் எது வாங்குவது? கடையில் இருப்பது ஒரே சீரான மெல்லிய மணல்.

---

காரைச்சட்டி எழுதியது:

அது பூச்சு மணல், வேண்டாம். கையில் அள்ளி நெரித்தால் நறநறவென்று கேட்க வேண்டும். 5 மி.மீ.யிலிருந்து மாவு வரைக்கும் எல்லாப் பருமனும் கலந்திருக்க வேண்டும். பெரிய மணி சந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நிறமும் மணலிலிருந்துதான் வரும், சாயப்பொடி போட்டு ஏமாற்ற வேண்டாம். அமிலத்தில் மிஞ்சிய மணலைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டு பக்கத்துக் குவாரிக்குப் போங்க, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்க. மூணு கலவை செய்து, சுவரில் கண்ணில் படாத இடத்தில் ஒவ்வொன்றிலும் ரெண்டடி அடைத்து, ஒரு மாதம் காயவிட்டுத் தேர்ந்தெடுங்க. ஈரத்தில் பார்த்து நிறம் தீர்மானித்தால் ஏமாறுவீங்க.

இனி கைவேலை.

சிமென்டை எடுக்க: சந்தின் நடுவில், கல்லைத் தொடாமல், 6 மி.மீ. துரப்பணத்தால் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. பிறகு ஒல்லி உளியும் சின்னச் சுத்தியலும். அடி எப்போதும் துளையை நோக்கி, கல்லை நோக்கி வேண்டாம். சிமென்ட் கல்லோடு ஒட்டி வர மறுத்தால் அந்த ஒட்டை விட்டுவிடுங்க. பிடுங்கினால் கல்லின் முகம் சேர்ந்து வரும். சிமென்ட் இருந்தாலும் கல் உரியாத இடம் இருக்கும், கிரானைட் கூட்டமாக. அங்கே தொடவே வேண்டாம்.

ஆழம்: பாயிண்டிங்குக்கு சந்து அகலத்தைப்போல் ரெண்டிலிருந்து ரெண்டரை மடங்கு என்பது பொதுவிதி. இந்தச் சுவரில் அதை அப்படியே பிடிக்கக் கூடாது. கல்லின் வால் 4 அங்குலம்தான் என்றால், சுற்றி 2 அங்குலம் தோண்டினதும் கல் கையோடு வரும். அதனால் ஒரே நேரத்தில் ரெண்டு சதுர அடிக்கு மேல் திறக்க வேண்டாம், சதுரங்கக் கட்டம் மாதிரி விட்டு விட்டுத் திறங்க. ஆடுகிற கல்லுக்கு மர ஆப்பு கொடுங்க. கல் வெளியே வந்துவிட்டால் அதே கல், அதே திசை, வால் உள்ளே. நீளவாக்கில் படுக்கவைத்தால் பார்க்க அழகாக இருக்கும், பிடிப்பு இருக்காது. போன பழுதுகளில் அதிகம் கண்ணில் படும் தப்பு இதுதான்.

அடைக்க: முதல் நாள் மாலையில் நனைக்கணும், காலையில் திரும்ப. சுவர் ஈரமாக இருக்கணும், தண்ணீர் பளபளக்கக் கூடாது. கலவை கெட்டியாக, உருட்டினால் உருண்டை நிற்கிற பதம். இருபது மி.மீ. அடுக்காக, ஒல்லிக் கரண்டியால் உள்ளே குத்தி அடைங்க. ஓர் அடுக்கில் கட்டைவிரல் அழுத்தினால் லேசாகத்தான் பதிய வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. பெரிய பொந்தில் கலவையை மட்டும் கொட்டினால் சுருங்கிப் பிரியும். கல் சில்லு வைத்து இறுக்குங்க. ஒருத்தர் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டரைத் தாண்டினால் எங்கேயோ ஏமாற்றுகிறார்.

---

ஏரிக்கரை எழுதியது:

அந்த முக்கோணக் கோடு? கான்ட்ராக்டர் அது இல்லாமலே தட்டையாக விடலாம் என்கிறார்.

---

பனிப்பாறை எழுதியது:

விடக் கூடாது. அந்தக் கோடு ஒரு கொத்தனாரின் கையெழுத்து. ஒருவர் முக்கோணம், ஒருவர் அரைவட்டம். நெடுக்குச் சந்தில் ஒருவர் கூம்பு நிறுத்துவார், ஒருவர் சும்மா விட்டுவிடுவார். யார் எந்த வீட்டைக் கட்டினார் என்று கண்டுபிடிக்கப் பல இடங்களில் இது ஒன்றுதான் சாட்சி. நெற்றியிலிருந்து வழியும் மழைநீரைக் கோட்டின் விளிம்பில் சொட்டவிடும் வேலையும் அதற்கு உண்டு, சின்ன அளவில்.

---

காரைச்சட்டி எழுதியது:

செய்முறை: மேலே பழைய கோடு நல்லாயிருக்கிற இடத்தில் களிமண் அழுத்தி அச்சு எடுங்க. அந்த அச்சுக்கு ஒரு தகட்டை வெட்டி, ராவி, மரப்பிடியில் மாட்டினால் கருவி தயார். ரெண்டு கோடிக்கும் நூல் பிடித்து, நூலை ஒட்டி மட்டப்பலகை வைத்து, கடைசி அடுக்கு விரல் பதியும் பதத்தில் இருக்கும்போது கருவியை ஒரே இழுப்பாக இழுக்கணும். ரெண்டாவது தடவை இழுத்தால் மேலே சுண்ணாம்புப் பால் வந்து தோலாகக் கட்டும், அது பின்னால் உரியும். கோட்டின் விளிம்பு கல்லின் நெற்றிமேல் மெல்லிசாகப் படியக் கூடாது. காகிதம் மாதிரி விளிம்பு முதல் பனியிலேயே போகும், அந்த இடுக்கில் தண்ணீர் நிற்கும்.

---

கிராண்ட் ஆற்றங்கரை எழுதியது:

முடிஞ்ச உடனை நனைச்ச சணல் சாக்குத் தொங்கவிடுங்கோ, சுவரிலை ஒட்டாமல். ஒரு கிழமைக்குக் குறையாமல், ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் பூவாளியாலை தூவுங்கோ. வெயிலும் காத்தும் சேர்ந்து ஒரே நாளிலை காயவைச்சால் மேலை வெள்ளைப் பொடி பூக்கும், உள்ளுக்குப் பிடிப்பு வராது. பொலித்தீன் மட்டும் போட்டு இறுக்கி மூடினாலும் பிழை, காத்துப் போகாட்டில் சுண்ணாம்பு இறுகாது.

---

கிளிஞ்சல் எழுதியது:

நீர்த்தடுப்புத் திரவம் பற்றி யாரும் சொல்லலையே. வெளியே மழை உள்ளே போகாது, நல்லதுதானே?

---

தூக்குக்குண்டு எழுதியது:

மழை ஒரு வழிதான். தரையிலிருந்தும் வீட்டுக்குள்ளிருந்தும் வருகிற ஈரம் அந்தத் திரவப் படலத்துக்குப் பின்னால் சிக்கி, உப்பை அங்கேயே இறக்கும். ஆவியை விடும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். ஆவி போகும், தண்ணீரில் கரைந்து வரும் உப்பு போகாது. உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகிக் கல்லின் முகத்தைத் தள்ளும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் வேண்டாம்.

உள்பக்கம் நுரை அடித்து வெப்பம் காப்பதும் இதே வகைதான். இதுவரை வீட்டுச் சூட்டில் ஓரளவு காய்ந்துகொண்டிருந்த சுவர், நுரைக்குப் பின்னால் முழுக் குளிரில் நிற்கும். உறைந்து உருகும் சுற்று கூடும். காப்பு வேண்டுமென்றால் பரணில் போடுங்கள், ஜன்னல் இடுக்கை அடையுங்கள். ஈரமான உள்பூச்சில் ஜிப்சம் ஒட்டு போட்டிருந்தால் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு.

---

ஏரிக்கரை எழுதியது:

வடிகுழாய் நீர் சுவரடியிலேயே கொட்டுகிறது, பார்த்துவிட்டேன். தட்டிப் பார்த்ததில் வயிற்றுப் பகுதியில் 31 கல் பொத்தென்கிறது. குறிகளைச் சேர்த்தால் ஜன்னலின் கீழ்க்கட்டையிலிருந்து கீழே சாய்வாக இறங்கும் ஒரு முக்கோணம்.

---

தூக்குக்குண்டு எழுதியது:

அப்படியென்றால் தண்ணீர் ஜன்னல் கீழ்க்கட்டை வழியாகத்தான் சுவருக்குள் போகிறது. தரை ஈரம் வேறு கதை. கட்டைக்கு அடியில் சொட்டுக்காடி (மழைநீரைச் சுவருக்கு வெளியே சொட்டவிடும் பள்ளம்) இருக்கிறதா, பெயின்ட் அடைத்துவிட்டதா, கட்டையின் இரு முனையும் சுவரைத் தொடும் இடத்தில் சந்து திறந்திருக்கிறதா பாருங்கள். அதைச் சரிசெய்துவிட்டுக் கூழ் ஊற்றுங்கள், முன்னால் வேண்டாம்.

அதே உயரத்தில் உள்ளே தளத்து உத்தரங்கள் சுவர்ப் பொந்தில் உட்கார்ந்திருக்கும். நிலவறையிலிருந்து ஏறி, ஒவ்வொரு முனையிலும் ஒல்லியான திருப்புளியைக் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் முனை உளுத்துவிட்டது. பக்கத்தில் புது மரம் சேர்த்து போல்ட் போட்டு, சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி மூன்று பக்கமும் அரை அங்குலம் காற்றுக்கு இடம் விட வேண்டும். வடக்குச் சுவரில் உத்தரம் எத்தனை, எவை இறங்குகின்றன என்று எண் போட்டு இங்கே எழுதுங்கள்.